பட்டினச்சேரிக்கு மாப்பிள்ளை வந்தார்

திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாளுக்குக் கடலோரத்தில் ஒரு மாமனார் ஊர் உண்டு. காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவே இருக்கும் திருமலைராயன்பட்டினம்தான் அது. அங்குள்ள மீனவக் குப்பமான பட்டினச்சேரிக்காரர்கள், பெருமாளை ‘மாப்பிள்ளை சாமி’ என்றுதான் சொல்கிறார்கள். மீனவர் வீட்டில் வளர்ந்த பத்மினியைப் பெருமாள் மணந்துகொண்டார் என்பது இந்தப் பக்கத்து வழிவழிக் கதை. கோயிலில் பத்மினி நாச்சியாருக்கும் இடம் உண்டு. வருடம் தவறாமல் மாசி மகத்தன்று மாப்பிள்ளை கடலாட வருகிறார்.

நண்பர் ஒருவர் கடலோர ஊர்களின் திருவிழாக்களை வைத்து ஒரு சிறு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பின்னணிக் குரல் கிடையாது, பேட்டியும் கிடையாது. நடப்பதை அப்படியே பார்ப்பது, கேட்பது, அவ்வளவுதான். ஒலிப்பதிவு என் பொறுப்பு. காதில் ஹெட்போன் இருந்ததால் இந்தத் திருவிழா எனக்கு முதலில் சத்தமாகத்தான் வந்து சேர்ந்தது.

திருக்கண்ணபுரம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ‘மன்னுபுகழ் கோசலைதன்’ என்று குலசேகராழ்வார் இராமனுக்குத் தாலாட்டுப் பாடியது இந்தத் தலத்தில்தான். அங்கிருந்து சம்பா அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே வரும் பெருமாள், புதுச்சேரி மாநில எல்லைக்குள் நுழைகிறார். வழியெல்லாம் நாதஸ்வரம், தவில், பாசுரம். பெரிய கோயில் புறப்பாடுகளில் நாம் கேட்டுப் பழகிய ஒழுங்கான சத்தம்தான்.

பட்டினச்சேரிக்காரர்கள் எதிர்கொண்டு வந்ததும் அது மாறிவிட்டது. “மாப்பிள்ளே! மாப்பிள்ளே!” என்று நூற்றுக்கணக்கான ஆண்கள் ஒரே குரலில் முழங்க, பவழக்கால் சப்பரம் அவர்கள் தோளுக்குப் போனது. வலை இழுத்து உரமேறிய தோள்கள். தூக்குகிற விதமே வேறு. கடலில் படகு ஏறி இறங்குவது போலச் சப்பரம் ஆடி ஆடி வருகிறது. ஒலிமானியில் முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டே இருந்தது, நான் குறைக்கவில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் வயதான அம்மா ஒருவர் பழத்தட்டோடு நின்றார். கை கூப்பவில்லை. “வாய்யா, வெயில்ல வந்துட்டியே” என்று சாமியைப் பார்த்து மெல்லச் சொன்னார். அந்த உருவத்தின் முன்னால் வேண்டுதல் சொல்லத்தான் எனக்குத் தெரியும். அவருக்கோ வந்திருப்பது வீட்டு ஆள். இந்தத் திருவிழா எனக்குப் பிடிபட்டது அந்த ஒரு வரியில்தான். கோயிலுக்குள் எந்தச் சாதி எங்கே நிற்கலாம் என்று வரிசை வகுத்த ஊர்கள் நம்முடையவை. இங்கே மீனவர்கள் பெண் கொடுத்தவர்களாக நிற்கிறார்கள். மரியாதை அவர்கள் கொடுப்பது, கேட்டு வாங்குவதல்ல. எனக்கு இது பெரிய விஷயம்.

கடற்கரையில் சௌரிராஜர் மட்டும் இல்லை. திருமருகல் வரதராஜப் பெருமாள், நிரவி கரியமாணிக்கப் பெருமாள் என்று சுற்றுவட்டாரத்து மூர்த்திகளும் வந்து சேர்கிறார்கள். தீர்த்தவாரி நேரத்தில் மக்களும் திபுதிபுவென்று கடலில் இறங்கினார்கள். அலைச் சத்தம் மைக்கில் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அப்புறம் பலூன், பஜ்ஜி, வளையல் கடைகள், தொலைந்த குழந்தையைத் தேடும் ஒலிபெருக்கி என்று எல்லாக் கடற்கரைத் திருவிழாவிலும் இருப்பவை.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கிய கரை இது. அதே கடலில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். நண்பர் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்படியொரு படத்துக்கு அதுதான் முறை என்று நினைக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: காரைக்கால் - நாகப்பட்டினம் சாலையில்தான் ஊர், பேருந்துகள் நிறைய. தீர்த்தவாரிக்கு மட்டும் போய் நிற்காதீர்கள். மீனவர்கள் சப்பரத்தைத் தோளில் வாங்கும் இடத்துக்கு முன்னதாகவே போய்விடுங்கள். நாங்கள் அடுத்து ஆனிப் பௌர்ணமிக்குக் காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறோம். மாடியிலிருந்து மாம்பழங்களை வீசும் தெருவில் மைக்கை எங்கே வைப்பது என்று இப்போதே பேச்சு நடக்கிறது.