காக்கி புக்கிட்டில் நிற்கும் கார்: நாட்குறிப்பு

ஜனவரி 10, 2025, வெள்ளி

இரவு 11 மணி. மழை விடவில்லை. அம்மா இப்போதுதான் தூங்கினார்.

சிங்கப்பூரில் மவுண்ட்பேட்டன் பக்கம் ஒரு சின்னச் சாலை. முன்னால் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து ஓரங்கட்டி நிறுத்தினேன். எதிரே வந்த லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அது கிளப்பிய அலை பானெட்டுக்கு மேல் அடித்தது. என்ஜின் ஒரு உலுக்கு உலுக்கி நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை. குடையோடு வந்த ஒரு அங்கிள் கண்ணாடியைத் தட்டி, "ஒரு தடவை ஸ்டார்ட் அடிச்சுப் பாரு தம்பி" என்றார். இந்த மழையிலும் நின்று கேட்டாரே, நல்ல மனுஷர். ஆனால் அதை மட்டும் செய்யக்கூடாது.

இழுவை வண்டிக்காரர் வந்தார். கியர் பக்கத்தில் இருக்கும் சின்ன மூடியைக் கழற்றி, உள்ளே ஸ்குரூ டிரைவரால் அழுத்தி, நியூட்ரலுக்குக் கொண்டுவந்தோம். ஸ்டார்ட் பட்டனைத் தொடாமலே ஏற்றி, காக்கி புக்கிட் ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பியாகிவிட்டது. நானும் அம்மாவும் டாக்சியில் வீடு வந்தோம்.

ஜனவரி 11, சனி

காலை 5:45க்கு அம்மாவின் டயாலிசிஸுக்கு டாக்சி. மழை நேரத்துக் கட்டணம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜனவரி 12, ஞாயிறு

சாங்கியில் நேற்றும் முந்தாநாளும் சேர்ந்து 255.2 மில்லிமீட்டர் மழை. ஜனவரி முழுவதற்குமான சராசரியே 222.4 தான். ஒரு மாத மழை இரண்டு நாளில் கொட்டினால் எந்தக் கால்வாய் தாங்கும்?

மச்சான் போன் பண்ணினார். "ரெண்டு நாள் வெயில்ல காய்ஞ்சா ஓடும்யா." வெயிலும் இல்லை, இது காயப்போட்டுச் சரியாகும் விஷயமும் இல்லை. 1.6 லிட்டர் என்ஜின், நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 400 மில்லி. பிஸ்டன் மேலே போய் நிற்கும்போது மிஞ்சும் இடம் ஏறக்குறைய 44 மில்லி. மூன்று மேசைக்கரண்டி! அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டன் மேலே போக முடியாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஏதாவது ஒன்று வளைந்தாக வேண்டும், வளைவது பிஸ்டனைத் தாங்கும் கம்பி, கனெக்டிங் ராடு.

ஒர்க்‌ஷாப்பில் காரை இறக்கும்போது உள்ளே உட்கார்ந்தது யார்? சரிவில் உருளாமல் இருக்க பிரேக்கில் கால் வைத்திருப்பார்கள். பிரேக்கில் கால் இருக்கும்போது பட்டனை அமுக்கினால் ஸ்டார்ட் ஆகும். கால் இல்லாவிட்டால் விளக்கு மட்டும் எரியும்.

ஜனவரி 13, திங்கள்

ஒர்க்‌ஷாப் முதலாளி டவ்கேயிடம் கேட்டேன். "யாரும் ஸ்டார்ட் பண்ணலை" என்றார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டதாகவும் சொன்னார். இறக்குவதற்கு முன்பா, பின்பா என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை.

காப்புறுதிக்காரர்கள் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வரும்வரை எதையும் கழற்றக்கூடாது என்கிறார்கள். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருக்கிறது. மூன்று நாளாகிவிட்டது. சிலிண்டர் சுவரில் துரு ஏற வாரக்கணக்கெல்லாம் ஆகாது. இதை நான் மூன்று பேரிடம் சொன்னேன். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னார்கள். கோபம் அடங்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். அம்மா மதியம் வந்து இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

ஜனவரி 16, வியாழன்

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், பத்து நிமிடத்தில் போய்விட்டார். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற அனுமதி.

மெக்கானிக் தம்பிக்குப் புதுக்கோட்டை. "அண்ணே, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு என்ஜினைச் சுற்றினார். மூன்றாவது சிலிண்டரிலிருந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. ஏர் ஃபில்டர் ஊறிக் கிடந்தது. ஆயில் தே தாரேக், அதாவது ஆற்றிய பால் டீ மாதிரி வெளுத்திருந்தது.

ஜனவரி 18, சனி

டாக்சி. மழை இல்லை.

ஜனவரி 20, திங்கள்

ஆயில், ஃபில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. டவ்கே சந்தோஷமாக வீடியோ அனுப்பினார். என்ஜின் ஓடுகிறது. காப்புறுதிக்காரர்கள் இதோடு முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

ஓடுகிறது என்பதால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? கொஞ்சம் வளைந்த ராடும் ஓடும். சில வாரம், சில மாதம் ஓடிவிட்டு முறியும், என்ஜின் பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அது பிஐஇ விரைவுச்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, பின்சீட்டில் அம்மா இருக்கும்போது நடந்தால்? நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்க்காமல் எடுக்க மாட்டேன் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 22, புதன்

தம்பி பார்த்துச் சொன்னார். மற்ற மூன்று சிலிண்டர்களில் அழுத்தம் 180 பிஎஸ்ஐ பக்கம். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் 150.

ராடு குட்டையானால் பிஸ்டன் உச்சிவரை போகாது, அழுத்தம் குறையும். வால்வு கசிவாகவும் இருக்கலாம், துருவாகவும் இருக்கலாம் என்கிறார் டவ்கே. இருக்கலாம். திறந்தால்தானே தெரியும்?

அந்த அலையிலேயே வளைந்ததா, இறக்கும்போது யாரோ பட்டனை அமுக்கியதாலா? என்ஜின் நின்றபின் மீண்டும் இயக்க முயன்றீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். என்னைப் பொறுத்தவரை அது சத்தியம்.

ஜனவரி 24, வெள்ளி

பதில் இல்லை.

ஜனவரி 27, திங்கள்

சீனப் புத்தாண்டுக்கு ஒர்க்‌ஷாப் மூடுகிறது. அடுத்த வாரம்தான் திறக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் ஃபோமை வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் ஈரம் அப்படியே நிற்கும். சீட்டுக்கடியில் ஏர்பேக் வயர்களின் கனெக்டர் இருக்கிறது. பச்சைத் துரு பிடித்தால் இரண்டு மாதம் கழித்து ஏதாவது விளக்கு எரியும், அப்போது யாரும் வெள்ளத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரி 30, வியாழன்

அம்மா கேட்டார்: "வித்துட்டா என்ன?" சிஓஇ, கார் வைத்திருக்க வாங்கும் உரிமம், இன்னும் நான்கு வருடத்துக்கு மேல் இருக்கிறது. புதிதாக எடுத்தால் அதற்கு மட்டுமே 90,000 வெள்ளிக்கு மேல். அதோடு, ராடு வளைந்த காரை வாய்மூடிக்கொண்டு யாரிடம் தள்ளிவிடுவது? அவர் வீட்டிலும் பின்சீட்டில் யாரோ உட்காருவார்கள்.

பிப்ரவரி 5, புதன்

ஒர்க்‌ஷாப் திறந்துவிட்டது. சர்வேயர் இன்னொரு முறை வருவாராம். தேதி சொல்லவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. எடை சரியாக வந்ததாம்.

பிப்ரவரி 10, திங்கள்

சம்மதம் வந்துவிட்டது. என்ஜினைத் திறக்கலாம். எழுத்தில் வாங்கிக்கொண்டேன். தம்பி புதன்கிழமை என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றுகிறார். நான்கு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து உயரத்தை அளந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், மூன்றாவதை மட்டும் அல்ல.

நாளை தைப்பூசம். செவ்வாய்க்கிழமையும்கூட, அம்மாவின் டயாலிசிஸ் நாள். சாலைகள் சில மூடியிருக்கும், டாக்சியை 5:15க்கே சொல்லிவிட்டேன்.