இரண்டு தடங்களின் பின்னால்

விடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சாண்ட் ஆற்றை நோக்கிச் செல்லும் வறண்ட ஓடை ஒன்றின் மணலில் எங்கள் வண்டி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது, முகப்பில் தனியாகப் பொருத்தப்பட்ட இருக்கையில் அமர்ந்திருந்த தடம் பார்ப்பவர் கையை உயர்த்தினார். ஷாங்கான் இனத்தைச் சேர்ந்த அந்த முதியவர் இறங்கிக் குனிந்து, ஒரு சிறு குச்சியால் மணலில் எதையோ சுட்டிக்காட்டினார். நான் கையை விரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்குப் பெரிய காலடித் தடம் அது. நகக்குறி இல்லை, பாதத்தின் பின்விளிம்பில் மட்டும் மூன்று சிறு மேடுகள் தெளிவாகப் பதிந்திருந்தன. இரவில் ஊரும் பூச்சிகள் இழுத்துச்சென்ற மெல்லிய கோடுகள் அந்தத் தடத்துக்குள் வந்ததும் அறுந்துபோயிருந்தன. பூச்சிகள் ஊர்ந்து முடித்த பிறகே, அதாவது விடியற்காலையில்தான், சிங்கம் இந்த வழியாக நடந்திருக்கிறது என்று அவர் விளக்கினார். ஒரு கை அகலம் தள்ளி, அதே திசையில், அதே நிதானத்தில், இன்னொரு தடமும் சென்றது.

அந்த இரண்டாவது தடத்தைப் பார்ப்பதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவுக்கு மேற்கே, அதை ஒட்டி அமைந்திருக்கிறது சாபி சாண்ட் என்ற தனியார் வனப்பகுதி. இரண்டுக்கும் இடையிலிருந்த வேலி 1993-இல் அகற்றப்பட்டதிலிருந்து சிங்கங்கள் தடையின்றிப் போய்வருகின்றன. வண்டிகள் அருகே நிற்பதை இங்குள்ள விலங்குகள் பல தலைமுறைகளாகப் பொருட்படுத்துவதில்லை. வழிகாட்டிகளும் ஒவ்வொரு சிங்கத்தையும் மீசைப் புள்ளிகளைக் கொண்டும் முகத்தழும்புகளைக் கொண்டும் அடையாளம் கண்டு, அதன் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் குறித்துவைக்கிறார்கள். ஆகவே ஒரு காட்டுச் சிங்கத்தின் கதையைக் குட்டிப்பருவத்திலிருந்து முடிவுவரை ஏறக்குறைய முழுமையாக அறியக்கூடிய அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

நான் தொலைவிலிருந்து முதலில் பின்தொடர்ந்தது மபோகோ கூட்டணியை. ஆறு ஆண் சிங்கங்கள் சேர்ந்த அந்தக் கூட்டணி 2006 முதல் சாபி சாண்டின் பெரும்பகுதியைத் தன்வசம் வைத்திருந்தது. ஆண் சிங்கங்கள் பெரும்பாலும் இருவராகவோ மூவராகவோ சேர்ந்து வாழும் நிலத்தில் ஆறு பேர் ஒன்றாக வந்தால் எதிர்த்து நிற்க யாரால் முடியும்? எதிர்ப்பட்ட ஆண்களையும், முந்தைய ஆண்களுக்குப் பிறந்த குட்டிகளையும், சில வேளைகளில் பெண் சிங்கங்களையும்கூட அவை கொன்றன. பிறகு ஆறும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. இரண்டு ஆண்கள் பிரிந்து தனியே ஒரு பகுதியை ஆண்டன. 2010 ஜூனில் அந்த இரண்டும், புதிதாக நுழைந்த ஐந்து இளம் ஆண்களில் ஒன்றைப் பிடித்துக் கொன்றன. அதே இரவில் மீதி நான்கும் திரும்பிவந்து, அந்த இருவரில் சுருண்ட வால் கொண்ட ஆணைக் கொன்றுவிட்டன. இரவுக் காவலர்கள் என்று பொருள்படும் மஜிங்கிலானே என்ற பெயரோடு பின்னாளில் புகழ்பெற்றவை அந்த நான்கும்தான். தப்பிய சிங்கம் மேற்கே ஓடிப் பழைய சகோதரர்களிடம் சேர்ந்தது. 2012 மார்ச்சில் வேறொரு கூட்டணி அதையும் கொன்றது.

ஆறும் ஒன்றாகவே இருந்திருந்தால் அந்த ஜூன் இரவு எப்படி முடிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஆண் சிங்கத்தின் வலிமையை நாம் அதன் பிடரியிலும் கர்ஜனையிலும் தேடுகிறோம். ஆனால் அதன் உண்மையான பலம் பக்கத்தில் நடக்கும் இன்னொரு ஆண் என்பதையே இந்த நிலத்தின் கதைகள் ஒவ்வொன்றும் எனக்குச் சொல்லின.

இதன் பின்னால் இரக்கமற்ற ஒரு காலக்கணக்கு இருக்கிறது. இரண்டு மூன்று வயதில் ஆண் குட்டிகள் பிறந்த குடும்பத்தைவிட்டு விரட்டப்படுகின்றன. உடன்பிறந்தவர்களும் சிற்றப்பன், பெரியப்பன் பிள்ளைகளுமாகச் சேர்ந்து, அடுத்தவர் எல்லைகளில் பதுங்கி, கிடைத்ததைத் தின்று வளர்கின்றன. உடல் நிறைந்த பிறகு ஒரு பெண் சிங்கக் குடும்பத்தைக் கைப்பற்றினாலும், அது தங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். குட்டியோடு இருக்கும் தாய், அந்தக் குட்டி உயிரோடு இருக்கும்வரை, ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் புதிய ஆணுடன் சேராது. சேர்ந்தாலும் கர்ப்பகாலம் ஏறக்குறைய 110 நாட்கள். பிறந்த குட்டி தனித்து நிற்க இன்னும் இரண்டு ஆண்டுகள் வேண்டும். புதிதாக வரும் ஆண்கள் குட்டிகளைக் கொல்வதைக் கொடூரம் என்று மட்டுமே நினைத்திருந்த எனக்கு, அவற்றுக்குக் காத்திருக்க நாளே இல்லை என்பது இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. அதற்காக அந்தக் காட்சியை நிம்மதியாகப் பார்க்க என்னால் முடியும் என்று சொல்லமாட்டேன்.

தடத்தைத் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் சென்றிருப்போம். ஓடையைத் தாண்டியதும் கல்தரையில் தடம் மறைந்தது. தடம் பார்ப்பவர் வண்டியைவிட்டு இறங்கிச் சிறிது தூரம் நடந்து, இம்பாலா மான்கள் அனைத்தும் ஒரே பக்கம் முகம் திருப்பி நிற்பதைக் கவனித்து, அந்தத் திசையைக் காட்டினார். ஒரு மரூலா மரத்தின் நிழலில் இரண்டும் படுத்திருந்தன. பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும் என்றார் வழிகாட்டி. காட்டு ஆண் சிங்கத்துக்கு அது முதுமை. ஒன்றின் பிடரி நெஞ்சுவரை கறுத்திருந்தது. மேல் கோரைப்பல் பாதியில் உடைந்திருந்தது. மற்றதன் மூக்கு முழுவதும் கறுப்பாகிவிட்டது. இடது கண்ணுக்குக் கீழே பழைய வெட்டு ஒன்று ஆறி, இமையைச் சற்றே கீழே இழுத்திருந்தது. ஈக்கள் அந்தத் தழும்பின் ஓரத்திலேயே மொய்த்தன.

வெயில் ஏறியதும் கறுத்த பிடரிக்காரன் எழுந்து சில அடி நடந்து, ஒரு புதரின்மேல் சிறுநீரைத் தெளித்துவிட்டுத் திரும்பியது. படுத்திருந்த சகோதரனும் எழுந்தது. இரண்டும் நெற்றியோடு நெற்றியை அழுத்தித் தேய்த்தன. பிறகு கன்னத்தை, பிறகு பிடரியின் முழு நீளத்தையும் ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து உரசின. அடித்தொண்டையிலிருந்து முனகலைப் போன்ற ஒரு சத்தம் வந்தது. பிரிந்திருந்ததோ நாலடி தூரம். அதற்கே இந்த வரவேற்பு. வண்டியில் இருந்த யாரும் படம் எடுக்கவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

இந்த இரண்டும் உடன்பிறந்தவை. ஆனால் இரத்த உறவு இல்லாத ஆண்களும் சேர்வதுண்டு. தான்சானியாவின் செரங்கெட்டியில் சிங்க ஆய்வாளர்களான கிரெய்க் பாக்கர், ஆன் பியூசி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் மரபணுக்களைச் சோதித்து 1991-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரிய கூட்டணிகள் உறவினர்களால் மட்டுமே ஆனவை; அயலாரைச் சேர்த்துக்கொள்வது சிறிய கூட்டணிகளில்தான். ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் சகோதரனைச் சண்டையில் இழந்த சீசில் என்ற ஆண் சிங்கம், பிற்காலத்தில் உறவில்லாத ஜெரிக்கோ என்ற ஆணுடன் சேர்ந்தே தன் எல்லையைக் காத்தது. 2015 ஜூலையில் தலையையும் தோலையும் வெற்றிச்சின்னமாக எடுத்துச்செல்ல வேட்டையாடும் ஒருவர் சீசிலைக் கொன்றபோது, அதன் குட்டிகளை ஜெரிக்கோ கொன்றுவிடும் என்று பலரும் அஞ்சினார்கள். அது கொல்லவில்லை, அவற்றைக் காத்தது. ஒரு ஆண் சிங்கத்தைச் சுடுகிறவர் ஒரு தலையை மட்டும் எடுத்துச் செல்வதாக நினைக்கிறார். அதன் துணை தனியாகிறது. தனித்த ஆணை அடுத்த கூட்டணி விரட்டுகிறது. அதன் பிறகு குட்டிகள் சாகின்றன. பணம் கட்டிச் சிங்கம் சுட வருகிறவர்களுக்கு இந்தச் சங்கிலியை யாராவது எடுத்துச் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

முதல் மூன்று இரவுகளிலும் அந்தச் சகோதரர்களின் கர்ஜனை முகாமில் கேட்டது. ஒன்று தொடங்கும், அது முடிவதற்குள் மற்றது சேர்ந்துகொள்ளும், நீண்ட முழக்கங்களாக எழுந்து, மூச்சிரைப்பதைப் போன்ற குறுகிய உறுமல்களாக அடங்கும். அமைதியான இரவில் அது எட்டு கிலோமீட்டர்வரை கேட்கக்கூடும் என்கிறார்கள். எத்தனை ஆண்கள் கர்ஜிக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்த பிறகே அயல் சிங்கங்கள் நெருங்குவதா விலகுவதா என்று முடிவு செய்கின்றன.

நான்காம் இரவு எந்தச் சத்தமும் இல்லை. ஆகஸ்ட் மாதத்துக் குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கூடாரத்தின் வாசலில் நெடுநேரம் காத்திருந்தேன். கழுதைப்புலி ஒன்று மட்டும் தொலைவில் கத்தியது. காலையில் மறுபடியும் அதே ஓடைக்குச் சென்றோம். தடம் பார்ப்பவர் இறங்கி, இம்முறை குச்சியை எடுக்காமல், கைகளை முழங்காலில் ஊன்றியபடி வெகுநேரம் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த தடங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். விளிம்பு தேயாத, கூர்மையான, இளம் ஆண்களின் தடங்கள், மூன்று. எங்கள் சகோதரர்களின் தடங்கள் சற்றுத் தள்ளி, மேற்கே திரும்பி, நடையாக இல்லாமல் நீண்ட எட்டுகளாக மாறியிருந்தன. எட்டுகள் நீண்டபோதும் இரண்டு வரிசைகளும் பிரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஒரு கை அகல இடைவெளியில்தான் சென்றன.