மினுக்கல் தெரிந்ததும் பொத்தானை அழுத்துங்கள்: கண்ணின் மஞ்சள் நிறமியை அளந்துகொண்ட அனுபவம்

அம்மாவுக்குக் கதவு நிலை வளைந்து தெரிய ஆரம்பித்ததில் தொடங்கியது இது. வயதின் காரணமாக விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதைந்து வருகிறது என்றார்கள். பெற்றோருக்கு வந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் என் கண்களையும் காட்டினேன். இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன மருத்துவர், "விருப்பம் இருந்தா நிறமி எவ்வளவு இருக்குன்னு அளந்து பாத்துக்கலாம். கட்டாயமில்ல" என்றார். அளந்துகொள்ளத் தீர்மானித்தேன்.

அந்த நிறமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மாக்குலாவின் நடுவே, நாம் எழுத்தைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் பயன்படுத்துகிற சிறு குழியில், லூட்டீன், ஸியாசாந்தின், மீசோ ஸியாசாந்தின் என்ற மூன்று மஞ்சள் பொருட்கள் படிந்திருக்கின்றன. லூட்டீனையும் ஸியாசாந்தினையும் நம் உடம்பால் உருவாக்க முடியாது. கீரை, மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு போன்றவற்றிலிருந்துதான் வரவேண்டும். நீல ஒளியை, குறிப்பாக 460 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியதை, ஒளியுணர் செல்களை எட்டுவதற்கு முன்பே இந்த நிறமி உறிஞ்சிக்கொள்கிறது. நடுவில் அடர்த்தியாக இருப்பது, பார்வைக் கோணத்தில் ஏழெட்டு டிகிரி தள்ளிப் போனால் அநேகமாக இல்லாமல் போகிறது. அளக்கும் முறை முழுக்க இந்த வேறுபாட்டை நம்பித்தான் இருக்கிறது.

இரத்தப் பரிசோதனை போல நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று நினைத்துப் போனேன். ஆனால் இங்கே அளவுகோலே என் பார்வைதான். ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு சிறு வட்டத்தில் நீலமும் பச்சையும் மாறி மாறி வருகின்றன. தொடக்கத்தில் நொடிக்கு 60 முறை என்ற வேகம் என்பதால் ஒரே சீரான ஒளியாகத்தான் தெரியும். வேகம் மெல்லக் குறையும். எந்த நொடியில் அது துடிப்பதாகத் தெரிகிறதோ அப்போது பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு நீலத்தின் அளவை மாற்றி மறுபடியும் அதே வேலை.

இதன் பின்னால் இருக்கும் யோசனை அருமையானது. நிற மாற்றத்தைக் கண் மெதுவாகத்தான் உணரும், பிரகாச மாற்றத்தைச் சட்டென்று பிடித்துவிடும். நீலமும் பச்சையும் ஒரே பிரகாசமாகத் தெரியும் நிலையில், வேகம் நன்றாகக் குறைந்த பிறகுதான் துடிப்பு புலப்படும். அழுத்திய இடங்களையெல்லாம் வரைந்தால் ஆங்கில வி எழுத்து போல ஒரு கோடு வரும். அதன் அடிமுனைதான் சமநிலை. நிறமி நீலத்தை விழுங்கிவிடுவதால், நடுக்கண்ணால் பார்க்கும்போது சமநிலைக்குக் கூடுதல் நீலம் தேவைப்படும். வட்டத்தைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு சிவப்புப் புள்ளியை நேராகப் பார்த்தபடி, அதே சோதனையை ஓரக்கண்ணாலும் செய்து, இரண்டு அடிமுனைகளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் அதுதான் நிறமியின் ஒளியடர்த்தி.

முதல் நாள் எனக்கு 0.18 வந்தது. பயந்துவிட்டேன். அம்மாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் பரிசோதித்தவர் எண்ணை விட்டுவிட்டு வரைபடத்தைக் காட்டினார். நடுக்கண் கோடு ஓரளவு ஒழுங்காக இருந்தது. ஓரக்கண் பகுதியில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. "சிவப்புப் புள்ளியை விட்டுட்டு வட்டத்தையே பாத்துட்டீங்க. இந்த எண்ணை நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீங்க. இன்னொரு நாள் வாங்க" என்றார். அவர் நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

உண்மையில் ஓரக்கண் பகுதிதான் இந்தச் சோதனையின் கடினமான இடம். பக்கத்தில் ஏதாவது துடித்தால் கண் தானாக அங்கே தாவும். பிறந்ததிலிருந்தே பழகிய பழக்கம் அது. அப்படித் தாவினால் ஓரத்தை அளப்பதாக நினைத்துக்கொண்டு மறுபடியும் நடுவையே அளக்கிறோம். இடைவெளி சுருங்கி, நிறமி குறைவு என்று பொய்யான விடை வருகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே புள்ளியை வெறித்துக்கொண்டிருந்தால் ஓரத்தில் இருக்கும் வட்டம் மங்கி மறைந்தேவிடும். கண்ணில் கோளாறு என்று முதல் நாள் பதறினேன். எல்லோருக்கும் நடப்பதுதானாம், இயல்பாகக் கண் சிமிட்டினால் திரும்பி வந்துவிடும்.

இரண்டாவது முறை காலையில், களைப்பில்லாமல், வெகுநேரம் திரை பார்க்காமல் போனேன். கணக்கில் சேராத ஒத்திகைச் சுற்றுகள் இரண்டு கேட்டு வாங்கினேன். துடிப்பு வரும் என்று எதிர்பார்த்து அழுத்தாமல், தெரிந்த பிறகே அழுத்துவது என்று உறுதியாக இருந்தேன். இம்முறை இரண்டு கோடுகளும் தெளிவாக விழுந்தன. விடை 0.34. அதாவது என் விழித்திரையின் நடுவுக்கு வரும் நீல ஒளியில் பாதிக்குச் சற்று மேல் நிறமியிலேயே நின்றுவிடுகிறது. 0.18 உண்மையாக இருந்திருந்தால் மூன்றில் ஒரு பங்குதான்.

அங்கே படமெடுத்து அளக்கும் கருவியும் இருந்தது, அதிலும் பார்த்தார்கள். கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து, தாடையைத் தாங்கியில் வைத்து அசையாமல் இருப்பது, கூசும் நீல ஒளி, அவ்வளவுதான். விழித்திரைக்கு அடியில் உள்ள லிப்போஃபஸ்சின் என்ற பொருள் ஒளிபட்டால் தானே ஒளிரும். 488 நானோமீட்டர் ஒளியை நிறமி நன்றாக மறைக்கும், 514ஐ அதிகம் மறைக்காது. இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் நிறமி பரவியிருக்கும் வரைபடமே கிடைக்கிறது. இதில் நம் பதில் எதுவும் தேவையில்லை, ஆனால் கண்புரை இருந்தால் படம் கெடும். அதில் வந்த எண் வேறு. இரண்டு கருவிகளின் எண்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வண்டி ஓட்ட முடியாது, துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். 10 மில்லிகிராம் லூட்டீனும் 2 மில்லிகிராம் ஸியாசாந்தினும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வான ஏரெட்ஸ் 2இன் முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அது ஏற்கெனவே மாக்குலா சிதைவு உள்ளவர்களிடம் செய்யப்பட்டது. அம்மா சாப்பிடுவது அந்த வகை மாத்திரைதான். "உங்களுக்கு நோய் வரும், வராதுன்னு இந்த எண் சொல்லாது. சாப்பாட்டைக் கவனிங்க, புகைபிடிக்காதீங்க, வருஷம் ஒரு தடவை விழித்திரையைக் காட்டுங்க" என்றார். அறிக்கையில் கருவியின் பெயரையும் எந்த முறை என்பதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அடுத்த முறை அதே கருவியில், அதே முறையில் அளந்தால்தானே ஒப்பிட முடியும்.

பரிசோதித்தவர் கடைசியாக ஒன்று சொல்லித் தந்தார். எல்சிடி திரையில் வெறும் வெள்ளையைத் திறந்துவைத்துத் தலையை மெல்ல இடம்வலமாகச் சாய்க்க வேண்டும். வீட்டில் செய்து பார்த்தேன். பத்துப் பதினைந்து முயற்சிக்குப் பிறகு, பார்வையின் நடுவில் ரிப்பன் முடிச்சு போல இருபக்கமும் விரிந்த மங்கலான மஞ்சள் வடிவம் ஒன்று தெரிந்து, கணத்தில் கரைந்தது. 1844இல் ஹைடிங்கர் என்ற ஆஸ்திரியக் கனிமவியலாளர் முதலில் எழுதிவைத்த காட்சி அது. எல்சிடி திரையின் ஒளி ஒரே திசையில் அதிரும் துருவமுற்ற ஒளி, அதை நிறமி ஒரு திசையில் கூடுதலாக விழுங்குவதால் தெரிகிறதாம். 0.34 என்று தாளில் இருந்ததைக் கண்ணாலேயே கண்ட மாதிரி இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று எழுந்தவன், அவர் கண்ணின் நிலை நினைவுக்கு வர, திரையை அணைத்துவிட்டேன்.