மூன்று டார்க் ஸ்லைடும் இந்த கேமராவுடையவை இல்லை

மூன்று வாரமாக மேசையை அடைத்துக்கொண்டிருக்கும், கண்ணாடித் தகட்டில் படம் எடுக்கும் பழைய மஹோகனி ஹாஃப் பிளேட் (தகட்டின் ஓர் அளவு) கேமராவை யார் செய்தார்கள் என்று இன்னும் பிடிபடவில்லை. ஆனால் நேற்று ஒன்று உறுதியாகிவிட்டது: கூட வந்த மூன்று டார்க் ஸ்லைடும் (தகட்டை வெளிச்சம் படாமல் வைத்து கேமராவின் பின்னால் செருகும் சட்டங்கள்) வேறு கேமராவுக்குச் செய்தவை. "ஒரிஜினல் ஸ்லைடுகளுடன்" என்று சொல்லித்தான் விற்றார்கள். அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

முன்னால் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் கடைப் பெயர் இருக்கிறது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மான்செஸ்டரில் பில்கிளிஃப் மாதிரியான பட்டறைகள் மற்ற கடைகளுக்கும் கேமரா செய்து கொடுத்தன. விற்றவர் தன் பெயரை அடித்துக்கொள்வார். சாண்டர்சன் என்ற பெயர்பெற்ற பிரிட்டிஷ் கேமராவாக இருக்குமோ என்ற ஆசை ஒரே நாளில் போய்விட்டது. சாண்டர்சனின் 1895 காப்புரிமையே லென்ஸ் பலகையைத் தாங்கும் பிளவு விட்ட பித்தளைக் கைகளுக்குத்தான். பக்கத்துக்கு இரண்டு இருக்க வேண்டும். என்னுடையதில் பக்கத்துக்கு ஒன்றுதான். காப்புரிமை எண் தேடுபவர்கள் ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் எண்கள் 1915 வரை ஒவ்வோர் ஆண்டும் 1-இலிருந்து புதிதாகத் தொடங்கின.

சரி, ஸ்லைடு விஷயம். உள்ளே பொருந்துகிறது, வழுக்கிக்கொண்டு போகிறது, பூட்டும் விழுகிறது. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. ஃபோகஸ் பார்க்கும் சொரசொரப்பான கண்ணாடி (கிரவுண்ட் கிளாஸ்) இருக்கும் அதே ஆழத்தில் ஸ்லைடில் தகடும் இருக்க வேண்டும், இல்லையென்றால் படம் மங்கும். ஆழத்தை அளந்தால்தான் உண்மை வெளிவரும். பின்சட்டத்தின் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்து, கேலிப்பரின் ஆழக் கம்பியை கிரவுண்ட் கிளாஸ் வரை இறக்கி, ஸ்கேலின் தடிமனைக் கழித்தேன். நான்கு மூலையிலும் நடுவிலும் 7.4 மி.மீ. ஸ்லைடில் பழைய கண்ணாடித் தகடு ஒன்றைப் போட்டு, தகட்டை மூடியிருக்கும் ஷட்டரை இழுத்துத் திறந்து அளந்தால் 8.2, 8.3, 8.2. ஸ்பிரிங் தகட்டை முன்விளிம்போடு அழுத்துவதால் தகட்டின் தடிமன் கணக்கில் வராது.

கேமராவின் பின்பக்கத்தை யாராவது மாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகம் அப்புறம் வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். சொரசொரப்பு லென்ஸ் பக்கம்தான் இருந்தது. விளிம்பில் உளி பட்ட தடம் இல்லை, காகிதப் பட்டை எதுவும் ஒட்டவில்லை, பழைய மெருகு அப்படியே இருந்தது. பின்சட்டத்தில் குத்தியிருக்கும் எண் 14. ஸ்லைடு மூன்றிலும் 27! இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

0.8 மி.மீ. பிழை, லென்ஸ் துவாரம் f/8-இல் இருந்தால் 0.1 மி.மீ. மங்கலைத் தரும். துவாரத்தை f/32-க்குச் சுருக்கினால் அதில் கால் பங்குதான். முந்தைய உரிமையாளர் சின்ன துவாரத்திலேயே எடுத்துக்கொண்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

லென்ஸில் துவார அளவுகள் 4, 8, 16, 32, 64 என்று இருக்கின்றன. 1881-இல் பிரிட்டனின் புகைப்படச் சங்கம் கொண்டுவந்த யூனிஃபார்ம் சிஸ்டம் என்ற பழைய எண் முறை இது. அதில் 4 என்றால் f/8, 64 என்றால் f/32. அழகான லென்ஸ்தான், ஆனால் கேமராவின் வயதுக்கு அது சாட்சி ஆகாது. லென்ஸ் போர்டில் மரத்தால் அடைத்த மூன்று திருகுத் துளைகள் இருக்கின்றன. இதற்கு முன் வேறொரு வளையம் அங்கே இருந்திருக்கிறது. அடிப்பலகையில் ஒரு நட்சத்திரத் தலைத் திருகும் இருக்கிறது. அது 1930-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. எனக்கு அந்தத் திருகைப் பார்த்தாலே எரிச்சல்.

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்புகிறவரிடம், பின்பக்கத்தைத் திறந்து ஒன்று, அடிப்பலகையின் கீழ்ப்புறம் ஒன்று, ஸ்லைடு எண்கள் தெரிய ஒன்று எனக் கேட்டு வாங்குங்கள். அடுத்து ஒரு குவார்ட்டர் பிளேட் (இதைவிடச் சின்ன அளவு) கேமரா பார்த்து வைத்திருக்கிறேன். அந்தப் படங்கள் வராமல் கை வைக்க மாட்டேன். இந்த ஹாஃப் பிளேட்டுக்குச் சரியான ஆழத்தில் புது ஸ்லைடு செய்ய, உடைந்த பழைய டிராயர் ஒன்றின் மஹோகனிப் பலகையை எடுத்து வைத்தாயிற்று.

இன்று காலை அந்தக் கடைத் தகட்டையும் கழற்றினேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது அதன் கீழே இன்னும் பெரிய நீள்வட்டத் தழும்பு தெரிந்தது, இரு முனையிலும் ஆணித் துளையுடன். துளைகளுக்கு நடுவே 41.5 மி.மீ. உங்களிடம் இருக்கும் ஹாஃப் பிளேட்களில் நீள்வட்டப் பெயர்த்தகடு இருந்தால் ஆணியிலிருந்து ஆணி வரை அளந்து சொல்லுங்கள்.