மீ விற்பவனின் கோபம்

1973ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட ‘ரிங் ஆஃப் ஃபியூரி’ என்ற சீனமொழிப் படத்தை, அன்றைய குங்ஃபூ மோகத்தைக் காசாக்க முயன்ற மலிவான சண்டைப் படம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. டோனி இயோ, ஜேம்ஸ் செபாஸ்டியன் ஆகிய இருவரும் குறைந்த செலவில் இயக்கிய அப்படத்தின் நாயகன் பீட்டர் சோங், உண்மையில் ஒரு கராத்தே ஆசான். வில்லனோ இரும்பு முகமூடியுடன் வருகிறான். நடிப்பிலும் படத்தொகுப்பிலும் கரடுமுரடு தெரியத்தான் செய்கிறது.

ஆனால், கதை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். மீ எனப்படும் நூடுல்ஸ் விற்றுப் பிழைக்கும் ஓர் இளைஞன், குண்டர் கும்பலுக்குப் பாதுகாப்புப் பணம் தர மறுக்கிறான். பழிவாங்கும் படலம் முழுவதும் அந்த ஒரு மறுப்பிலிருந்துதான் கிளைக்கிறது. தெருவோர வியாபாரிகளை உணவங்காடி நிலையங்களுக்கு இடமாற்றும் பணி 1971இல் தொடங்கி 1986வரை நீடித்தது என்பதை நினைவில் கொண்டால், படம் வெளியாகவிருந்த காலத்தில் இந்த இளைஞனைப் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றிருந்தார்கள் என்பது விளங்கும். உரிமம் இல்லாமல் விற்றவர் புகார் கொடுக்கப் போனால் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்ததாகிவிடும். கேட்டதைக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பதே அவருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கும். அந்த இயலாமையை இப்படம் விளக்கிச் சொல்வதில்லை, அடியாகவும் உதையாகவும் காட்டுகிறது. சண்டைப் படத்துக்கு அதுதானே மொழி!

அதிகாரிகள் இப்படத்தைத் தடை செய்தார்கள். விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளிக்கும் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டு கும்பல்களை ஒடுக்கிவந்த அரசாங்கத்துக்கு, குண்டர்கள் கோலோச்சும் தெருவையும் தனியொருவன் தன் கையால் நீதி தேடுவதையும் திரையில் காண்பது உவப்பாக இருந்திருக்காது. அந்தக் கவலை எனக்குப் புரிகிறது, ஆயினும் அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை. குண்டர் வாழ்க்கையை யாரும் விரும்பும்படி இப்படம் சித்திரிக்கவில்லை. அடிபடுபவன் பக்கமே முதலிலிருந்து கடைசிவரை நிற்கிறது. யாருடைய கோபத்தைச் சொன்னதோ, அவர்களே அன்று அதைப் பார்க்க முடியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தமளிக்கிறது.

ஆசியத் திரைப்படக் காப்பகம் இதனை மீட்டெடுத்துப் பாதுகாத்திருப்பதால் நம் தலைமுறைக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. சண்டைக் காட்சிகளில் நாயகனை மட்டும் பார்க்காமல், பின்னால் தெரியும் இடங்களையும் மனிதர்களையும் கவனியுங்கள். தெருவில் கடை போட்டவர்கள் சீனர்கள் மட்டுமல்லர். திரையரங்கு வாசல்களில் கச்சாங் பூத்தே எனப்படும் கடலை, பருப்பு வகை நொறுக்குத்தீனி விற்றவர்களுள் நம்மவர்கள் ஏராளம். அந்த மூத்தோருக்காகத் தமிழ் வசன வரிகளுடன் இப்படத்தைத் திரையிட்டு, அவர்கள் காலத்தில் யார் வந்து பணம் கேட்டார்கள், மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையெல்லாம் கேட்டுப் பதிவுசெய்ய யாரேனும் முன்வந்தால், நானும் உடன் உழைக்கக் காத்திருக்கிறேன்.