வியன்னா ஃபில்ஹார்மோனிக் வெள்ளி நாணயம்: வாங்கியதும் தட்டிப் பார்த்ததும்

வெள்ளியைக் கட்டியாக வாங்கினால் உலோக மதிப்புக்கு மேல் கொடுக்க வேண்டிய தொகை பெரும்பாலும் குறையும் என்று தெரிந்திருந்தும், வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் பெயரில் ஆஸ்திரிய நாணயச்சாலை வெளியிடும் நாணயத்தின் மீதுதான் என் மனம் சென்றது. ஒரு பக்கத்தில் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் இசையரங்கிலுள்ள ஆர்கன் என்னும் பெரிய குழலிசைக்கருவி. மறுபக்கத்தில் நடுநாயகமாக ஒரு செல்லோ, அதன் இருபுறமும் வயலின்கள், பின்னால் ஹார்ப், பசூன், கொம்பு ஆகிய இசைக்கருவிகள். தாமஸ் பெசென்டார்ஃபர் அமைத்த இந்த வடிவம் 1989இல் தங்கத்திலும் 2008இல் வெள்ளியிலும் வெளிவந்தது. ஆண்டுதோறும் படம் மாறுவதில்லை என்பது சிலருக்குச் சலிப்பாக இருக்கலாம். எனக்கு அது வசதியாகவே இருந்தது, ஏனெனில் எந்த ஆண்டு நாணயம் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதோ அதையே தயங்காமல் வாங்கலாம்.

முதலில் ஒன்றே ஒன்று வாங்கினேன். உறையைப் பிரித்து விளிம்பைத் தடவியதும் திகைத்துப்போனேன். கோடுகளே இல்லாமல் வழவழப்பாக இருந்தது. போலி என்றே முடிவுகட்டி, விற்றவருக்குக் கடுமையாக எழுதவும் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளையாக, அனுப்பும் முன் நாணயச்சாலை தரும் விவரங்களைப் படித்தேன்: விளிம்புக் கோடுகள் தங்க நாணயத்துக்கு உரியவை, வெள்ளி நாணயத்தின் விளிம்பு இயல்பாகவே வழவழப்பானது.

ஆனாலும் சந்தேகம் முளைத்துவிட்டதால் முறையாகச் சோதித்தேன். தராசு 31.1 கிராம் காட்டியது, அதாவது தங்கம், வெள்ளியை நிறுக்கும் அலகான டிராய் அவுன்ஸில் சரியாக ஒன்று. விட்டம் 37 மில்லிமீட்டர். பிறகு ஒரு குவளை நீரைத் தராசில் வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நூலில் கட்டிய நாணயத்தை அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் தொங்கவிட்டேன். இப்போது தராசு காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடையை. வெள்ளியின் அடர்த்தி நீரைப்போல் 10.49 மடங்கு என்பதால் தராசு ஏறத்தாழ 2.96 கிராம் காட்ட வேண்டும், எனக்கு 2.97 வந்தது. நாணயத்தில் ஒட்டிய காற்றுக்குமிழ்களைத் தட்டி நீக்காததால் முதல் முறை 3.1 காட்டிக் கலக்கியதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, நாணயத்தை விரல்நுனியில் நிறுத்தி, மரப்பென்சிலால் விளிம்பை மெல்லத் தட்டினேன். கணீரென்று எழுந்த நாதம் சில விநாடிகள் நீண்டு தேய்ந்தது. இசைக்கருவிகளைத் தாங்கிய நாணயத்தின் தூய்மைக்கு அதன் ஒலியே சான்றானது எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. இருந்தாலும் ஒலியை மட்டும் நம்பக் கூடாது. எடையும் அடர்த்தியும் சரியாக இருந்த பிறகே ஒலியைக் கணக்கில் கொள்கிறேன்.

அந்தத் துணிவில், இருபது நாணயங்கள் அடங்கிய ஒரு குழாயை வாங்கினேன். ஒவ்வொன்றையும் பருத்திக் கையுறையுடன் விளிம்பில் மட்டும் பிடித்து எடைபோட்டேன். இரண்டில் பால் தெளித்தாற்போல் வெண்புள்ளிகள் இருந்தன. தூய வெள்ளி நாணயங்களில் அடிக்கடி காணப்படும் குறை இது. உலோக மதிப்பைத் தொடுவதில்லை என்பதால் தேய்த்துப் போக்க முயலவில்லை. பிவிசி என்னும் பிளாஸ்டிக்கால் ஆன உறைகள் நாளடைவில் பச்சை நிறப் பிசுக்கை விடும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, வந்த குழாயிலேயே அடைத்துவைத்தேன்.

முதல் நாணயம் மட்டும் குழாய்க்கு வெளியே இருக்கிறது. அன்றைய பதற்றத்தில் பதிந்த என் கட்டைவிரல் ரேகை ஆர்கன் குழல்களின் மேல் இப்போது பழுப்பேறி நிற்கிறது. புதிதாக ஏதேனும் வாங்கினால் ஒலியை ஒப்பிட அதையே எடுத்துத் தட்டுகிறேன்.