ஸ்டெப்னிக்கும் பதினைந்து வயது

பிப்ரவரி 2, ஞாயிறு

வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் இடது சக்கரத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம். ஒரு வாரமாகவே இருக்கிறது. பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் கேட்காது என்பதால் அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்று பாட்டையும் மீறிக் கேட்டது. ஓடோமீட்டரைப் பார்த்தேன்: 2,38,114. வண்டி 2010-இல் வாங்கியது.

பக்கத்தில் மச்சான் இருந்தான். "இதோட இன்னும் எத்தனை நாளைக்கு மல்லுக்கட்டப் போறீங்க மாமா? வித்துட்டுப் புதுசு எடுங்க" என்றான். பார்க்கலாம் என்றேன்.

ஒரு மாதம் எடுத்துக்கொண்டு ஒரு முடிவுக்கு வரலாம் என்று இருக்கிறேன். அதுவரை தோன்றுவதை இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

டேஷ்போர்டில் திணித்துவைத்திருந்த பில்களையெல்லாம் எடுத்துக் கூட்டினேன். பேட்டரி, கிளட்ச், பிரேக் பேட், ரேடியேட்டர் குழாய், ஆயில் மாற்றியது. இரண்டு வருடக் கணக்கைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. வண்டியை இன்று விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல் வருகிறது.

ராத்திரி திரும்ப உட்கார்ந்தபோதுதான் கணக்கே தப்பு என்று பட்டது. ரிப்பேர் செலவை வண்டி விலையோடு வைத்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது? இதை விற்றாலும் எனக்கு ஒரு வண்டி வேண்டும். அதற்கு ஆகும் செலவோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். புது வண்டிக்கு மாதத் தவணை எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு வருட ரிப்பேர் மொத்தமும் ஐந்து தவணைக்குள் அடங்கிவிட்டது. அதே இரண்டு வருடத்தில் இருபத்து நான்கு தவணை கட்டியிருப்பேன். இன்ஷூரன்ஸ் தனி. புது வண்டி முதல் சில வருடங்களில்தான் வேகமாக விலை இறங்கும், அதுவும் தனி. என் வண்டி இறங்க வேண்டியதையெல்லாம் எப்போதோ இறங்கி முடித்துவிட்டது.

பெட்ரோலையும் விடவில்லை. வருடத்துக்கு 12,000 கி.மீ. ஓட்டுகிறேன். இது லிட்டருக்கு 13 கொடுக்கிறது, அதாவது 923 லிட்டர். புதுசு 18 கொடுத்தால் 667 போதும். மிச்சமாகிற 256 லிட்டரின் விலை ஒன்றரைத் தவணைக்கு வரும். மீதிப் பத்தரைத் தவணையை யார் கட்டுவது?

பிப்ரவரி 8, சனி

மெக்கானிக் கடையில் முழு நாள்.

சத்தத்துக்குக் காரணம் லிங்க் ராடு. ஸ்டெபிலைசர் கம்பியைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கிற ஒரு குச்சி, இரண்டு முனையிலும் பந்து மூட்டு. மூட்டு தேய்ந்தால் ஆடும், ஆடினால் தட்டும். அரைமணி நேர வேலை. இந்தக் குச்சிக்காகவா காரையே மாற்றப் பார்த்தேன்!

வந்ததுதான் வந்தோம், முழுதாகப் பார்த்துவிடுங்கள் என்றேன். "விக்கிறவங்களுக்குப் பாக்குற மாதிரி பாக்கவா சார், வாங்குறவங்களுக்குப் பாக்குற மாதிரியா?" என்று கேட்டார். வாங்குகிறவனுக்குப் பார்ப்பது போலவே பார்க்கச் சொன்னேன்.

முதலில் கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, பெட்ரோல் வருவதை நிறுத்தி, நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் மீட்டரைத் திருகி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அந்நேரம் ஆக்சிலரேட்டர் முழுக்க மிதிபட்டிருக்க வேண்டும். மிதிக்கிற வேலை எனக்கு. 172, 168, 170 என்று வந்தது. நாலாவது 151. முகத்தைச் சுளித்தார். அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுத் திரும்ப அளந்தார்: 166. "ஆயில் விட்டதும் ஏறுச்சுன்னா ரிங் தேஞ்சிருக்குன்னு அர்த்தம் சார். ஏறலேன்னா வால்வு." ஆயில் போய், பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கின் இடுக்கைக் கொஞ்ச நேரம் அடைத்துக்கொள்கிறது, வால்வில் கசிந்தால் அந்த வித்தை பலிக்காது. 2,000 கி.மீ.க்குக் கால் லிட்டர் ஆயில் குறைவது ஏன் என்று இப்போது புரிந்தது.

வேகமெடுக்கும்போது சைலன்சரில் லேசாக நீலப் புகை வருவதும் இதனால்தானாம். அதற்குப் பயப்பட வேண்டாம் என்றார். சூடான பிறகும் வெள்ளைப் புகை கெட்டியாக விடாமல் வந்தால்தான் பயம், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் உள்ளே போய் எரிகிறது, இன்ஜினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து அடியில் விரலால் வழித்துக் காட்டினார். கறுப்பு. தயிர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். "தேயுது சார். ஆனா நிதானமாத் தேயுது."

அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். பதினைந்து வருடத்தில் அதன் அடிவயிற்றை நான் நின்றுகொண்டு பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ஓரச் சட்டத்தை வரிசையாகத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். "இன்ஜினை மாத்தலாம், கியர்பாக்ஸ் மாத்தலாம். சட்டம் உளுத்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது." பின்பக்கம் இடதில், ஜாக்கி வைக்கிற இடத்தில் பெயின்ட் உதிர்ந்து பழுப்பாக இருந்தது. அங்கே தட்டுவதற்கு முன் ஒரு நொடி நிறுத்தினார். எனக்கு மூச்சே நின்றது. டங். கத்தி முனையால் சுரண்டினார். உள்ளே இரும்பு பளபளத்தது. மேல் துருதான்.

கிளம்பும்போது சாதாரணமாகக் கேட்டார்: "டைமிங் பெல்ட் எப்ப மாத்தினீங்க?"

பிஸ்டனின் தாளத்துக்கு வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற பெல்ட் அது. பில்லைத் தேடினேன். 1,32,000-இல் மாற்றியது. வண்டியின் கையேட்டில் 1,00,000-க்கு ஒருமுறை என்று இருக்கிறது. கெடு முடிந்து 6,000 கி.மீ. ஆகிவிட்டது. இந்த மாதிரி இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், வால்வு வளைந்துவிடும். "அறுந்துட்டா, வைக்கலாமா விக்கலாமான்னு நீங்க யோசிக்கவே வேண்டாம் சார்" என்றார் சிரிக்காமல்.

ஆக, கேள்வி இப்போது சின்னதாகிவிட்டது. பெல்ட் மாற்றுவதா, வேண்டாமா? விற்பதென்றால் எதற்கு மாற்ற வேண்டும், மாற்றினால் எப்படி விற்க மனசு வரும்?

பிப்ரவரி 9, ஞாயிறு

டயர் மாற்ற வேண்டிய நாள் வந்துவிட்டதா என்று பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தைப் பார்த்தேன். முன்னால் இரண்டும் 2319, அதாவது 2019-இன் 23-வது வாரம். பின்னால் இரண்டும் கொஞ்சம் புதுசு. அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் புரட்டினேன். 0710. வண்டியோடு வந்தது. தரையையே தொட்டதில்லை, மேலே ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. பார்க்கப் புத்தம் புதுசு. விரலால் பட்டைகளுக்கு நடுவே விரித்தால் தலைமுடி மாதிரி மெல்லிய வெடிப்புகள்.

இத்தனை வருடம் இதை நம்பித்தான் ராத்திரியில் நெடுஞ்சாலையில் போயிருக்கிறேன்.

இரும்பு கிலோமீட்டரால் தேய்கிறது, ரப்பர் சும்மா கிடந்தாலே கிழடாகிறது. ஓடோமீட்டர் முதல் கணக்கை மட்டும்தான் காட்டும். இன்ஜின் மவுன்ட், புஷ், ஹோஸ் எல்லாம் இரண்டாவது கணக்கில் வருகிறவை. "குறைச்சலா ஓடின வண்டி" என்று சொல்லி விற்கிறார்களே, பத்து வருடம் நிழலில் நின்ற வண்டி, அதன் ரப்பரை யாரும் பார்ப்பதில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

பெல்ட்டைப் பற்றித் தெரிந்ததிலிருந்து ஒவ்வொரு சத்தமும் கேட்கிறது. இன்று பஸ்ஸில் போனேன்.

என்னை உறுத்துவது செலவு இல்லை என்று இப்போது தோன்றுகிறது. போன வருடம் கிளட்ச் ஒரு மேம்பாலத்தின் நடுவில் போனது. அந்த பில் தொகை மறந்துவிட்டது, பின்னால் அடித்த ஹாரன் மறக்கவில்லை. ஆனால் அந்தக் கிளட்ச் சொல்லாமல் போகவில்லை. இரண்டு மாதமாக ஏற்றத்தில் இன்ஜின் இரைச்சல் மட்டும் ஏறும், வண்டி ஏறாது. நான்தான் பாட்டைக் கூட்டி வைத்தேன்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1966-இல் வாங்கிய வால்வோ பி1800 காரிலேயே 2013-இல் 30 லட்சம் மைலைத் தொட்டார், நம் கணக்கில் 48 லட்சம் கி.மீ. அதற்கு முன் என் 2,38,000 எல்லாம் எல்.கே.ஜி. ஆனால் அவர் நீண்ட தூரம் ஓட்டினவர். ஆறின இன்ஜினைக் கிளப்பி இரண்டு கி.மீ. போய் அணைத்து, மறுபடி கிளப்பி ஓட்டுவதில்தான் தேய்மானம் அதிகம். நான் பாதி அப்படித்தான் ஓட்டுகிறேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

புது வண்டி ஓட்டிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசையாகத்தான் இருந்தது. சிக்னலில் நின்றபோது இன்ஜின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து மீட்டரைப் பார்த்தேன். ஏசி காற்றைக் குறைப்பதற்குக்கூடத் திரையைத் தொட வேண்டியிருப்பது மட்டும் பிடிக்கவில்லை. என் வண்டியில் அது ஒரு திருகு குமிழ், கண்ணை மூடிக்கொண்டே திருப்புவேன்.

பிப்ரவரி 17, திங்கள்

"பழைய வண்டியில என்னென்ன பிடிக்கலைன்னு எழுதுங்களேன்" என்றாள் மனைவி. எழுதினேன். சீட் அமுங்கிவிட்டது. பானெட்டில் நிறம் வெளுத்துவிட்டது. பாட்டுப் பெட்டி அடிக்கடி போனோடு சேர மறுக்கிறது. பின் கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கிறது.

வாங்கிப் படித்துவிட்டு, "இதுல வண்டி எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 22, சனி

இடையில் ஒரு வழி இருக்கிறதே, ஐந்து வருடப் பழைய வண்டி ஒன்றை வாங்கினால் என்ன என்று ஒன்றைப் போய்ப் பார்த்தேன். 60,000 ஓடியது, கழுவி மினுக்கி வைத்திருந்தார்கள். எப்போது ஆயில் மாற்றினார்கள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. என் வண்டியில் நாலாவது சிலிண்டர் 151 என்று எனக்குத் தெரியும். இதில் எது எவ்வளவு? திரும்பி வந்துவிட்டேன்.

புது வண்டியிடம் என் வண்டி பேச்சில்லாமல் தோற்கிற இடம் ஒன்றே ஒன்று: பாதுகாப்பு. என்னுடையதில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கிற ஏபிஎஸ் உண்டு, இரண்டு ஏர்பேக் உண்டு. வழுக்கும் வளைவில் எந்தச் சக்கரத்துக்குத் தனியாக பிரேக் பிடிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்து வண்டியைத் தடத்துக்குத் திருப்புகிற இஎஸ்சி இல்லை. 1995-லிருந்து கார்களில் வருகிற வசதி. ஐரோப்பாவில் 2014 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயம். இருபது வருடமாக ஓட்டுகிற எனக்கு அது இல்லாமல் ஓடிவிட்டது. அடுத்த வருடக் கடைசியில் மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்வாள். இதற்கு எந்த பில்லைக் காட்டியும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

முடிவு செய்தாயிற்று. வைத்துக்கொள்கிறோம், அடுத்த வருடக் கடைசி வரை. மகள் தனியாக ஓட்டப்போவது இந்த வண்டியை அல்ல. அதற்குள் கியர்பாக்ஸோ ஹெட் கேஸ்கட்டோ போனால், சட்டத்தில் ஓட்டை விழுந்தால், அன்றைக்கே கதை முடிந்தது, கை வைப்பதில்லை. இதை மனைவி தன் கையால் எழுதி பில் கட்டின் மேல் குத்திவைத்திருக்கிறாள். அந்த நாளில் நான் மனசு மாறுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

தவணை கட்டியிருந்தால் என்ன போயிருக்குமோ, அதில் பாதியை மாதாமாதம் தனியாகப் போட்டுவைப்பது. ரிப்பேர் வந்தால் அதிலிருந்து, மிஞ்சினால் அடுத்த வண்டிக்கு.

மச்சானுக்குச் சொன்னேன். "உங்க இஷ்டம் மாமா" என்றான். அவன் அகராதியில் அது திட்டு.

மார்ச் 8, சனி

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றியாயிற்று. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான், பின்னால் அது கசிந்தால் இத்தனையையும் மறுபடி பிரிக்க வேண்டும். பிரேக் ஆயிலும் மாற்றினோம், அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்து, பிரேக் பிடிக்காமல் பெடல் மட்டும் அமுங்கும். முன்னால் இரண்டு டயர் புதுசு. ஸ்டெப்னியும் புதுசு.

பழைய பெல்ட்டைக் கையில் கொடுத்தார். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. பின்புறமாக வளைத்தேன். பற்களின் அடியில் வரிசையாக வெடிப்பு, ஓர் இடத்தில் உள்நூல் வெள்ளையாக எட்டிப் பார்த்தது. ஒரு மாதம் இதில்தான் ஓட்டியிருக்கிறேன்.

பானெட்டின் உள்பக்கம் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் எடுத்து, மாற்றிய கணக்கை எழுதினார்: 2,38,700. பேனாவை நிறுத்திவிட்டு, "அடுத்தது 3,38,700. எழுதவா சார்?" என்றார்.

"எழுதுங்க" என்றேன்.

திரும்பி வரும்போது அதே வேகத்தடை. இடது பக்கம் சத்தமே இல்லை. ஆனால் பின்னால் ஏதோ உருண்ட மாதிரி இருந்தது. பாட்டை நிறுத்திவிட்டு, ஓரமாக ஒதுக்கி, இறங்கிப் போய் டிக்கியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில்.